காலிக் கொக்கி

இது ஒன்பதாவது நேர்காணல். முந்தைய எட்டுக்கும் போட்டுப்போன அதே வெள்ளைச் சட்டைதான். கழுத்துப்பட்டியின் உள்பக்கம் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. பூட்டுக்காரர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நேர்காணல் விஷயத்தில் தன்னைவிட இந்தச் சட்டைக்குத்தான் நிதானம் அதிகம், இதற்காவது யாராவது ஒரு வேலை போட்டுக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது. சிரிப்புதான் வரவில்லை.

பூட்டுக்காரர் என்பது பட்டப்பெயர். இருபத்துநாலு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். ஷிப்டு முடிந்து கதவைப் பூட்டுவதற்கு முன் மூன்று தடவை ஆள் கணக்குப் பலகையைப் பார்ப்பார், பூட்டிய பிறகு நான்காவது தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பார். கிடங்குப் பையன்கள் முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு முகத்துக்கு நேரேயே 'பூட்டு சார்' ஆகிவிட்டது, அவரும் கண்டுகொள்ளவில்லை. பதினொரு மாதத்துக்கு முன் முதலாளி நிலத்தை விற்றுவிட்டு எல்லாரையும் கைகழுவிவிட்டார். கடைசி நாள் வெறும் கிடங்கைப் பூட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

ஐம்பத்துநாலு வயசில் வேலை தேடுவது எவ்வளவு அலுப்பு என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும். எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அப்புறம் போன் மட்டும் வராது. மூன்றாவது நேர்காணலில் ஒருவர் உடம்பெல்லாம் எப்படி என்று கேட்டார். இவர் வெள்ளந்தியாக, சர்க்கரை இருக்கிறது, மூன்று வேளையும் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைத்தார். கேட்டவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கையிலிருந்த பேனாவை மட்டும் மூடி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று இவர் முடிவுகட்டிவிட்டார். வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள்.

"கேட்டா சொல்லுங்க. கேட்காததை ஏன் வலியப் போய்ச் சொல்றீங்க?"

இந்த ஒன்பதாவதில் ஒரு புதுத் தொல்லை. ஆள் தேடும் கிடங்கின் முதலாளியம்மா ஓட்டலுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார், சாப்பிட்டுக்கொண்டே பேசலாமாம். மகள் வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா, இது சாப்பாடு இல்ல, பரீட்சை. எலும்பு, முள்ளு இருக்கிறது எதையும் கேக்காதீங்க. வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க. முக்கியமா, அவங்க சாப்பிட ஆரம்பிக்கிற வரைக்கும் நீங்க கை வைக்கவே கூடாது. கிடங்குல ஏழு நிமிஷத்துல முடிச்சிட்டு எந்திரிப்பீங்களே, அதெல்லாம் அங்க காட்டாதீங்க. அப்புறம் பாக்கெட்டு புடைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. பாக்க நல்லா இருக்காது."

மூன்று நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. வீட்டுக்காரிதான் முதலாளியம்மா. எதிரே விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, "உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?" என்று கேட்டாள்.

"எதிர்ல உக்காந்திருக்கு."

"இப்படிப் பேசினா ஒன்பதாவதும் ஊத்திக்கும்" என்றாள் அவள். ஆனாலும் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே போவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அதனால் அதைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

கிளம்பும்போது கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சர்க்கரை சட்டென்று இறங்கினால் போட்டுக்கொள்ள எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய்கள் புடைத்துக்கொண்டு தெரிந்தன. மகள் சொன்னது ஞாபகம் வர, எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டல் குளுகுளுவென்று இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, கத்தியும் முள்கரண்டியும் துடைத்து வைத்திருந்தார்கள், நடுவில் தேநீருக்கான சர்க்கரைக் கிண்ணம். முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபது வயசிருக்கும். கையில் ஒரு பழைய தோல் பை, முகத்தில் ஏகப்பட்ட தூக்கக் கலக்கம். இரண்டு குளிர்பதனக் கிடங்குகளைத் தனியாக நடத்துகிறவர்.

"ஆபீஸ்ல கூப்பிட்டா எல்லாரும் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறாங்க" என்றார் உட்கார்ந்துகொண்டே. "சாப்பாட்டு மேசையில மனுஷங்க மனுஷங்களாப் பேசுவாங்க. அதான் இங்க."

மூன்று நாள் மனப்பாடம் செய்துவிட்டு வந்த மனுஷருக்குச் சுருக்கென்றது. சூப்பு, சோறு, முள் எடுத்த மீன், வேகவைத்த காய் என்று அவர் பத்திரமாகச் சொல்ல, முதலாளியம்மாவும் அதையே தனக்கும் சொன்னார். பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார் பரிமாறுகிறவர். பூட்டுக்காரர் கை கழுவப் போவதுபோல் போய், கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தார். மணி ஒன்று. அரை மணிக்குள் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷம் என்றது இருபத்தைந்து நிமிஷமாயிற்று. அதற்குள் முதலாளியம்மா விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஆள் கணக்கு எப்படி வெச்சிருந்தீங்க உங்க கிடங்குல?"

இதற்கு ஒத்திகையே தேவையில்லை. பூட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு கொக்கி. ஆளுக்கொரு தகர வில்லை, அதில் அவரவர் எண். குளிர் அறைக்குள் போகிறவன் தன் வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். பலகையில் எத்தனை வில்லையோ அத்தனை பேர் உள்ளே. பழைய காலத்துக் கதவு, உள்ளிருந்து திறக்க வராது. பலகை காலியாக இருந்தால்தான் பூட்டுவார்கள். உள்ளே மைனஸ் இருபது. ஒருவனை வைத்துப் பூட்டிவிட்டால் காலையில் வந்து பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

"இருபத்துநாலு வருஷத்துல ஒரு அசம்பாவிதம் கிடையாது மேடம்."

"மாட்டாம போறவன் இருப்பானே?"

"ஒருத்தன் போனான். அனுப்பிட்டேன்."

"வீட்டுக்கா?"

"வேலையை விட்டே. எட்டு வருஷம் என்கிட்ட இருந்தவன். நெட்டைன்னு கூப்பிடுவோம். மூணு வருஷம் முன்னாடி, ஷிப்டு முடியிற நேரம். நான் உள்ளே பின்பக்கம் பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தேன். அலுப்பா இருந்துச்சு, ஒரு பெட்டி மேல சித்த உக்காந்தேன். நிமிந்து பாத்தா நெட்டை முன்னால நிக்கிறான், மூச்சு வாங்குது. வெளியே வந்து பலகையைப் பாத்தா என் வில்லை மட்டும் தொங்குது. அவன் கொக்கி காலி. அங்கேயே, எல்லார் முன்னாடியும், நாளையிலிருந்து வராதேன்னுட்டேன்."

"ஏன் மாட்டலைன்னு கேட்டீங்களா?"

"காரணம் எதுக்கு மேடம்? மாட்டலைன்னா மாட்டலைதான். ஆளுக்கொரு காரணம் கேட்டுக்கிட்டிருந்தா ஒரு நாள் யாராவது உள்ள விறைச்சுக் கிடப்பான்."

முதலாளியம்மா தலையை ஆட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டலா, இல்லை என்ற ஆட்டலா என்று தெரியவில்லை. பூட்டுக்காரருக்கு என்னவோ தன் வாழ்க்கையிலேயே நல்ல பதிலைச் சொல்லிவிட்டதாகத்தான் பட்டது.

சாப்பாடு வந்தது. ஆவி பறக்கும் சூப்பு, மீன், சோறு. பூட்டுக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாளியம்மாவும் கைகளை மேசைமேல் கோத்தபடி அடுத்த கேள்விக்குப் போனார். அடிக்கடி மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்? சொன்னார். இரவு ஷிப்டில் ஆள் குறைந்தால்? அதையும் சொன்னார். பேசப் பேசச் சூப்பின் ஆவி அடங்கியது, மேலே ஏடு படிந்தது. அந்த அம்மாள் கரண்டியைத் தொட்டபாடில்லை. இது என்ன மாதிரிப் பரீட்சை என்று அவருக்கு விளங்கவில்லை. எட்டுப் பரீட்சையில் தோற்றவன் ஒன்பதாவதில் சூப்புக்கு அவசரப்பட்டுத் தோற்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி ஒன்று நாற்பத்தைந்து. முதலில் விரல் நுனிகள் நடுங்கின. மடியிலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார். அப்புறம் அந்தக் குளிரிலும் முதுகில் வேர்வை இறங்கியது. தண்ணீர் குடித்தார். எதிரே முதலாளியம்மாவின் உதடுகள் அசைந்தன, ஏதோ சம்பளம் என்று காதில் விழுந்தது, எவ்வளவு என்பது விழவில்லை. கை தானாகப் பையைத் தொட்டது. மிட்டாய்கள் வீட்டில் மேசைமேல் இருந்தன.

இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் பேனா மூடப்படும். சொல்லாமல் இன்னும் ஐந்து நிமிஷம் தாக்குப்பிடிக்க முடியுமா? அவரால் ஐந்து வரை எண்ணவே முடியவில்லை. மேசை லேசாகச் சாய்ந்தது. பூட்டுக்காரர் சர்க்கரைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். பாதி வாய்க்குள் போனது, பாதி வெள்ளைச் சட்டைமேல் கொட்டியது. மெல்லவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல், கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் முட்ட, முதலாளியம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் சொல்லிக்கொடுத்த மரியாதைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த அம்மாள் கத்தவில்லை. எழுந்து இந்தப் பக்கம் வந்தார். தண்ணீர்க் குவளையை அவர் வாயில் பிடித்தார். ஆறிப்போன சூப்பில் கரண்டியைப் போட்டு அவர் கையில் கொடுத்தார். "மொதல்ல இதைக் குடிங்க. பேச்சு அப்புறம்."

கால் மணி நேரத்தில் சூப்பு, சோறு எல்லாம் உள்ளே போயின. நடுக்கம் நின்றதும் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சர்க்கரையா?"

"ஆமா மேடம்."

"ஊசி போட்டுட்டு சாப்பிடாமயா உக்காந்திருந்தீங்க?"

"நீங்க ஆரம்பிக்கட்டும்னு..."

முதலாளியம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நான் நீங்க ஆரம்பிக்கட்டும்னு உக்காந்திருக்கேன்! எங்க வீட்டுல சாப்பிட வந்தவங்க கை வைக்காம நாங்க வைக்க மாட்டோம். என்னடா இந்த மனுஷன், மீனைப் புடிக்கலையோ, இல்ல என்னையே புடிக்கலையோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வேறு நேரமாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பூட்டுக்காரர் சட்டையிலிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டார்.

"ஏன் சொல்லலை?" என்றார் முதலாளியம்மா.

"முன்னாடி ஒரு இடத்துல சொன்னேன். அதோட சரி. பதினொரு மாசம் ஆச்சு மேடம். வீட்டுல அவ முகத்தைப் பாக்க முடியலை. இது ஒண்ணை மறைச்சா வேலை கிடைச்சிடும்னு தோணுச்சு."

"பாருங்க, நான் காரணம் கேட்டேன். நீங்க சொன்னீங்க. எனக்குப் புரியுது." முதலாளியம்மா தன் தட்டை அருகில் இழுத்து, முதல் கவளத்தை அப்போதுதான் எடுத்தார். மென்று முடித்துவிட்டுத்தான் மேலே பேசினார். "அந்த நெட்டைகிட்ட நீங்க கேக்கலையே."

பூட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சர்க்கரை எனக்குப் பெருசில்ல. என் தம்பிக்கும் இருக்கு, அவன்தான் லாரி ஓட்டுறான். ஆனா காரணமே கேக்காத ஆளை என் பசங்களுக்கு மேல எப்படி உக்கார வைக்கிறது? அவன்கிட்டக் கேளுங்க. கேட்டுட்டு நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்து சொல்லுங்க. அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்."

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. வீட்டுக்காரி சட்டையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தொட்டுப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் மேசைமேல் கிடந்த மிட்டாய்களைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், அவற்றை எடுத்து அவர் பையிலேயே திணித்தாள்.

"போனைப் போடுங்க. கேட்டுத்தான் பாருங்களேன், என்ன குடி முழுகிப் போகுது?"

"ஏதாவது சாக்குதான் சொல்லுவான்."

"சாக்கையே போய்ச் சொல்லுங்க. அந்தம்மா கேட்டுட்டு வரத்தானே சொன்னாங்க."

பழைய எண்ணைத் தேடி எடுக்க அரை மணி ஆனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு மனசு நினைத்தது.

"சார்?" என்றது அதே குரல். பின்னால் வண்டிகளின் இரைச்சல். "பூட்டு சாரா? என்ன சார், அதிசயமா இருக்கு?"

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. நேராகக் கேட்டுவிட்டார். "அன்னைக்கு நீ ஏன்டா வில்லையை மாட்டாம உள்ள வந்தே?"

நெட்டை இரைச்சலை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

"மூணு வருஷம் கழிச்சா சார் கேக்கறீங்க?"

"இப்பவாவது சொல்லு."

"ஷிப்டு முடிஞ்சு பலகை காலியா இருந்துச்சு சார். கதவைச் சாத்திடலாம்னு ஒருத்தன் கையை வெச்சுட்டான். நான்தான் உங்களைக் காணோமேன்னு உங்க மேசைக்குப் போனேன். உங்க வில்லை அங்க கிடக்குது, காகிதத்துக்கு அடியில. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அதை எடுத்துட்டு ஓடி வந்து, உங்க கொக்கியில மாட்டிட்டு உள்ள பாய்ஞ்சேன். அந்த அவசரத்துல என்னோடதை மாட்ட மறந்துட்டேன். நீங்க பெட்டி மேல உக்காந்து கண்ணை மூடியிருந்தீங்க. மூணு தடவை கூப்பிட்டேன்."

அந்த வருடக் கடைசியில்தான் பூட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பல மாதம் தாகமும் அசதியும் மறதியுமாகத்தான் திரிந்தார். பெட்டி மேல் உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. நெட்டை மூச்சு வாங்க நின்றது ஞாபகம் இருந்தது. வில்லையைத் தன் கையால் மாட்டியது மட்டும், எவ்வளவு யோசித்தும், ஞாபகத்தில் இல்லை. மூன்று தடவை பலகையைப் பார்க்கிற மனுஷன் அன்றைக்குத் தன் வில்லை தொங்குவதைப் பார்த்தார். அதை மாட்டியது யார் என்று பார்க்கவில்லை.

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"வாயைத் தொறந்தேன் சார். காரணம் சொல்லாதேன்னு கையைக் காட்டினீங்க. அத்தனை பேர் முன்னாடி உங்க வில்லையும் தொங்கலைன்னு நான் எப்படிச் சொல்றது? அப்புறம் எனக்கும் கோவம் வந்துடுச்சு. போங்கடான்னு போயிட்டேன்."

"இப்ப என்ன பண்றே?"

"ஓடுது சார். ஒரு இடத்துல மூட்டை தூக்கறேன். முதுகுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நெட்டையே பேச்சை முடித்துவைத்தான்.

"உங்க குரலே சரியில்லையே சார். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்டா" என்றார் பூட்டுக்காரர். அதற்குமேல் முடியாமல் போனை வைத்தார்.

வீட்டுக்காரி எதிரே நின்றிருந்தாள். "என்ன சொன்னான்? சாக்கா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சர்க்கரை ஒட்டியிருந்த சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "இதை அலசிப் போடு. காலையில ஒம்பது மணிக்கு அந்தம்மாவைப் பாக்கணும்."

"போய் என்ன சொல்லப் போறீங்க?"

"இருபத்துநாலு வருஷத்துல வில்லை மாட்டாம உள்ள போனவன் ஒருத்தன்தான்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்ல, மொதல்ல அப்படிப் போனது நெட்டை இல்ல, நான்னு சொல்லப் போறேன்."

"சொன்னா வேலை?"

"தெரியலை" என்றார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.